திருப்பதிக்குப் போன ஊதாப் பூ

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் தங்கச்சி விட்டுப் போனது. ஆறும் இன்றைக்கு யாரிடமும் கையேந்தாமல் சாப்பிடுகிறது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஒரு பூவைத் தூக்கிக்கொண்டு திருப்பதி வரைக்கும் போனவள் வேலைவெட்டி இல்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வரைக்கும் படித்தேன். பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்று இன்னும் தடுமாறும். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஆந்திராவில், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டைவிட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே. ஏரிக்கரைக்குக் கீழே எங்களுக்கு ஒரு ஏக்கரா நிலம். அதில் ஏரியை ஒட்டின மூலை பதினைந்து சென்ட், ஊற்றுப் பூமி. மழை நின்று மூன்று மாசம் ஆனாலும் காலை வைத்தால் கணுக்கால் வரைக்கும் உள்ளே போகும். நெல் வைத்தால் அழுகும். வேர்க்கடலை கேட்கவே வேண்டாம். கோரையும் புல்லும் இருக்கும். புரட்டாசி மழை விழுந்த பிறகு ஓரத்து ஈரத்தில் ஒரு ஊதாப் பூ வரும். முழங்கால் உயரம்கூட இல்லாத செடி. பூவுக்கு ஒரே ஒரு பெரிய இதழ், சின்ன முறத்தைத் தொங்கவிட்ட மாதிரி.

என் பெரிய மகன் சேகர் நகரியில் கூலிக்குப் பவர்லூம் ஓட்டுகிறான். சொந்தமாக நான்கு தறி போடணும் என்று அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. அந்த ஆசையில் தப்பில்லை. விளைகிற நிலத்தைக் கெடுக்க வேண்டாம், அந்த ஈர மூலையில் கிராவல் கொட்டி மேடாக்கி ஷெட் போடலாம் என்று முடிவு பண்ணிவிட்டான். வியாழக்கிழமைக்கு ஜேசிபி சொல்லியாகிவிட்டது.

"அந்த ஊதாப் பூ இன்னா பூடா?" என்று கேட்டேன்.

"ஏதோ பூண்டு, யம்மா. பேர் இருந்தா உனக்குத் தெரியாமலா பூடும்?"

அதுதான் சுருக்கென்று தைத்தது. எங்கள் ஊரில் யாருக்குக் காமாலை வந்தாலும், சேற்றுப்புண் வந்தாலும் என்னிடம்தான் பச்சிலை கேட்டு வருவார்கள். வரப்பில் முளைக்கிற எதற்கும் பேர் சொல்லுவேன். இதற்கு மட்டும் தெரியாது. தெரியாது என்பதை இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன்.

"பேர் தெரியாத பொணத்துக்கே போலீஸ்காரன் ரெண்டு நாள் பொறுக்கறான். நீ மண்ணு கொட்ட நாள் பாத்துக்கினு கீற" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு ஒரு வாக்குக் கொடுத்தான். "சரி, படிச்சவங்க யாராச்சும் அதுக்குப் பேர் சொல்லட்டும். புடுங்கி வேற எடத்துல நட்டா பொழைக்காதுன்னும் சொல்லட்டும். ரெண்டும் சொன்னா ஷெட்டை ரோட்டுப் பக்கம் மாத்திக்கறேன். ஒண்ணு கொறைஞ்சாலும் வியாழக்கெழமை கிராவல்."

என் தங்கச்சி மகள் தேவகி திருப்பதியில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை செய்கிறாள். மருமகள் அமுதா பூவைப் போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினாள். அவள் அந்தக் காலேஜில் செடிகொடி பாடம் எடுக்கிற மேடத்திடம் காட்டினாள். திங்கட்கிழமை சாயங்காலம் மேடமே போன் பண்ணினார்கள். எங்கள் வீட்டில் சிக்னல் மாடிப்படியில் ஐந்தாவது படியில்தான் வரும். அங்கே நின்று கேட்டேன். மேடத்துக்குத் தெலுங்குதான். எனக்கும் சந்தையில் பேசுகிற தெலுங்கு நன்றாக வரும். "போட்டோ சாலதம்மா. வேறு காவாலி. வேறு தீஸ்குரண்டி" என்றார்கள். போட்டோ போதாது, வேறு வேண்டும், வேறு கொண்டுவாருங்கள். அவ்வளவுதான், லைன் போய்விட்டது.

மேடத்துக்கு என் பூ பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளையாக அந்த மூலையில் வேறு ஒன்றும் இருந்தது. நடு ஈரத்தில், தண்ணீர் கசிகிற இடத்தில், நூல் மாதிரி தண்டு, அதன் உச்சியில் நீலமும் ஊதாவும் கலந்த குட்டிப் பூ. இலை இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. காதில் போடுகிற கம்மல் மாதிரி இருப்பதால் நானே கம்மல் பூ என்று பேர் வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. பனியில் புல் நனைந்திருந்தது. கம்மல் பூவைப் பறிக்கப் போனால் கையில் கூழாகப் போனது. அதனால் களைக்கொத்தால் ஒரு அடை அளவுக்குச் சேற்றோடு பெயர்த்து எவர்சில்வர் தூக்கில் வைத்து மூடினேன். திரும்பும்போது ஊதாப் பூ என்னைப் பார்த்தது. கேட்காவிட்டால் என்ன, உன்னையும் விடமாட்டேன் என்று அரிவாளால் மூன்று தண்டை அறுத்து ஈரத்துணியில் சுற்றினேன். ஒன்றில் பூ, ஒன்றில் மொட்டு, ஒன்றில் காய்.

ஆறரைக்கு ஷேர் ஆட்டோ. புத்தூருக்கு முப்பது ரூபாய். ஆட்டோவில் பதினொரு பேர், அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள், ஒருத்தி மடியில் பூக்கூடை. தூக்கை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏழே கால் மணிக்குத் திருப்பதி வண்டி கிடைத்தது. முப்பத்தைந்து கிலோமீட்டர். இப்போது பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. ஆதார் அட்டை காட்டினால் சுழி போட்ட டிக்கெட் கொடுக்கிறார்கள். கண்டக்டர், "அவ்வா, ஆதார்" என்று கையை நீட்டினார். அட்டையில் இருக்கிற என் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இன்னா பாக்கற? நான் தாம்பா அது. போட்டோகாரன்தான் சரியில்ல" என்றேன்.

"போட்டோலோ கோபம் ஜாஸ்தியா கீதம்மா, அதான்" என்று சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். எங்கள் பக்கத்தில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு, யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியாது.

பக்கத்து சீட்டில் முப்பது வயசுக்காரர் ஒருவர். இடது கை முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் கட்டு, புத்தூர் கட்டு. மூங்கில் பட்டை, முட்டை, துணி எல்லாம் சேர்ந்த வாசனை. பைக்கில் நாய் குறுக்கே வந்துவிட்டதாம். திருப்பதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் என் தூக்கையே பார்த்தார்.

"இன்னாம்மா அதுல, மீனா? தண்ணி தளும்புதே."

"பூ."

"பூவை இன்னாத்துக்குத் தூக்குல எடுத்துக்கினு போறீங்க, மாலை கட்டி எடுத்துக்கினு போலாமே?"

துணியைப் பிரித்துக் காட்டினேன். ஜன்னல் வழியாக வெயில் விழுந்து, விடியற்காலையில் சுருண்டிருந்த மொட்டுகூட அவிழ்ந்திருந்தது. அவருக்கு ஒரே ஆச்சரியம். "பேரு தானே? நான் சொல்றேன் இருங்க. என் போன்ல படம் புடிச்சா போன் பேரு சொல்லும்." ஒரே கையால் அவருக்குப் பூவையும் போனையும் சேர்த்துப் பிடிக்க வரவில்லை. நான் பூவைப் பிடித்தேன், அவர் போனைப் பிடித்தார், பஸ் பள்ளத்தில் குதித்தது. போன் அதை ஆர்க்கிட் என்றது. இரண்டாவது தடவை காட்டினால் பட்டாணிப் பூ என்றது. மூன்றாவது தடவை என் கட்டைவிரலைப் படம் எடுத்து இஞ்சி என்றது.

"போன் நல்லாதாம்மா சொல்லும். இன்னிக்கு இன்னாமோ" என்று அவர் வெட்கப்பட்டார்.

"ஆஸ்பத்திரிலயும் மூணு டாக்டர் மூணு பேர் சொல்றாங்க, உன் போன் இன்னா பண்ணும்" என்று தேற்றினேன்.

வடமாலைப்பேட்டை தாண்டினதும் வலது பக்கம் ஒரு விமானம் தாழ இறங்கி ரேணிகுண்டா பக்கம் போனது. அதற்கப்புறம் மலை தெரிந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் இரண்டு கையும் தூக்கில் இருந்தது. தலையை மட்டும் குனிந்தேன்.

எட்டே முக்காலுக்குத் திருப்பதி. பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசின மொட்டைத் தலை. டீ பதினைந்து ரூபாய், டம்ளர் சின்னது. வெளியே வந்ததும் ஆட்டோக்காரர்கள் "கொண்டா? கொண்டா?" என்று சூழ்ந்தார்கள். மலைக்கா என்று கேட்கிறார்கள். காலேஜ் என்றேன். ஒரு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். எண்பது என்றேன். "ஏம்மா, இந்த வயசுல காலேஜா?" என்றார். "ஆமா, முதல் வருஷம்" என்றேன். சிரித்துக்கொண்டே தொண்ணூறுக்கு வந்தார்.

வழியில் அவர் கேட்டார்: "இவ்ளோ தூரம் வந்து சாமியைப் பாக்காம போறீங்களே?"

"சாமி எங்க போயிடப் போறாரு. பூதான் மத்தியானத்துக்குள்ள வாடிப்பூடும்."

ஒன்பதே கால் மணிக்குக் காலேஜ் கேட்டில் தேவகி நின்றுகொண்டிருந்தாள். கையில் வெங்காய வாசனை. காலேஜ் பேரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் எழுதவில்லை. அவளுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது என்னிடம் வந்தாள். இப்போது முன்னூறு பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றுகிறாள்.

"பெரிம்மா, மொதல்ல துன்னு. அப்பால பூ."

"பூ வாடிப்பூடும்டி."

"நீ வாடிப்பூட்டா நான் அண்ணனுக்கு இன்னா பதில் சொல்றது? உக்காரு."

உப்புமா சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். சொன்னேன். முன்னூறு பேரும் ஒன்றும் சொல்லவில்லை, உனக்குத்தான் நாக்கு என்றாள்.

பத்தரைக்கு மேடம் இருக்கிற அறைக்குப் போனோம். நீளமான மேசைகள், கண்ணாடிச் சாமான்கள், நாப்தலின் வாசனை. மேடத்துக்கு நாற்பது வயசு இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டு, நான் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். வளர்த்தவர்கள் நல்லவர்கள்.

துணியைப் பிரித்து மூன்று தண்டையும் மேசையில் வைத்தேன். மேடம் ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தார்கள். முகம் சுருங்கியது.

"வேரேதம்மா?" என்றார்கள்.

"இதோ கீது" என்று பெருமையாகத் தூக்கைத் திறந்தேன்.

மேடம் அந்தச் சேற்றை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, மெதுவாகத் தண்ணீர் விட்டு, ஊசியால் கிளறினார்கள். கிளறிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் தலையைத் தூக்கி, "இதி வேரே செடி கதா!" என்றார்கள். இது வேறு செடி ஆயிற்றே.

"ஆமா மேடம். வேறுதானே கேட்டீங்க?"

மேடம் ஒரு தண்டை நிமிர்த்திப் பிடித்து, அதற்குக் கீழே இன்னொரு கையின் ஐந்து விரலையும் விரித்து ஆட்டிக் காட்டினார்கள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. தேவகிக்குத்தான் முதலில் புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயோ பெரிம்மா! வேருன்னா வேரு! செடிக்கு அடியில கீற வேரு! வேற ஒண்ணு இல்ல!"

தெலுங்கிலும் வேரு, தமிழிலும் வேர். எந்த மொழியிலும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. நான்தான் போனில் பெரிய றவாகக் கேட்டுவிட்டேன். எழுபத்திரண்டு வயசில் இரண்டு பாஷை தெரிந்தவள் என்கிற பெருமையோடு வேரை வயலில் விட்டுவிட்டு முப்பத்தைந்து கிலோமீட்டர் சேறு சுமந்து வந்திருக்கிறேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மேடம் சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சேற்றுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, "பரவாலேதம்மா, காய் உந்தி" என்றார்கள். பரவாயில்லை, காய் இருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவர்கள் செய்ததை நான் இமை கொட்டாமல் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பச்சிலை தெரிந்தவர்கள் இலையைக் கசக்கி முகர்வோம், நாக்கில் வைப்போம். மேடம் முகரவே இல்லை. எண்ணினார்கள். பூவை ஊசியால் பிரித்தார்கள். ஒரே இதழ் என்று நான் நினைத்திருந்தது தப்பு. மொத்தம் ஐந்து. நான்கு இதழ் அரிசி நொய் மாதிரி உள்ளே ஒளிந்துகொண்டிருந்தது, கீழே இருப்பது மட்டும் பெரிதாகி முறமாகிவிட்டது. இலைக் காம்புக்குப் பக்கத்தில் மயிர் மாதிரி இரண்டு சின்னச் செதில். காயை லேசாக அழுத்தினார்கள், மூன்றாகப் பிளந்தது. ஒவ்வொரு பிளவும் குட்டி ஓடம் மாதிரி. உள்ளே வெள்ளை விதை, பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நெடுகக் கோடு.

"வயலட் குடும்பம்" என்றார்கள். குளிர் தேசத்தில் வயலட் என்று ஒரு பூ இருக்கிறதாம், ஊதா நிறத்துக்கு இங்கிலீஷில் அந்தப் பூவின் பேர்தானாம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் இது, நம் வெயிலுக்கு வந்து பிழைத்துக்கொண்டது. தெலுங்கில் ரத்னபுருஷ.

"தமிழ்ல?" என்றேன். என் கேள்வி அதுதான்.

மேடத்துக்குத் தமிழ்ப் பேர் தெரியவில்லை. தேவகி அவர்களுடைய கம்ப்யூட்டரில் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "ஓ-ரி-தழ் தா-ம-ரை."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பேர் எனக்குத் தெரியும்! நகரியில் ஒரு வைத்தியர் பல வருஷத்துக்கு முன்னால் ஓரிதழ் தாமரை கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். தாமரை என்றால் தண்ணீரில் இருக்கும் என்று ஏரி, குளம், குட்டை எல்லாம் தேடினேன். ஒரே இதழோடு ஒரு தாமரையும் இல்லை. "அப்படி ஒண்ணு ஒலகத்துலயே கெடையாது சாமி" என்று அவரிடம் அடித்துச் சொன்னேன். அது என் நிலத்து ஓரத்தில், நான் மாடு ஓட்டிப்போகிற தடத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. பேரும் என்னிடம் இருந்தது, பூவும் என்னிடம் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போடத் திருப்பதி வர வேண்டியிருந்தது.

"மொதல் வாக்கு முடிஞ்சுது" என்று தேவகியிடம் சொன்னேன். "ரெண்டாவது கேளுடி. வேற எடத்துல நட்டா பொழைக்குமா?"

மேடம் ஒரு அலமாரியைத் திறந்தார்கள். உள்ளே காய்ந்த செடிகளைத் தடித்த காகிதத்தில் ஒட்டி, நூலால் தைத்து, அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். ஒரு காகிதத்தை எடுத்து என் பூவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நிறம்தான் போயிருந்தது, மற்றபடி அச்சு அசல் அதே. கீழே சீட்டில் எங்கே எடுத்தது என்று எழுதியிருந்தது. தேவகி படித்தாள். வெதுருகுப்பம். இன்னொரு காகிதம், காணிப்பாக்கம் பக்கத்து வரப்பு. இன்னொன்று மலையடிவாரம்.

"இது ஈரத்துல சந்தோஷமா வரும். ஆனா வரப்புலயும் வரும், புல்லுத்தரையிலும் வரும். விதை போட்டா உங்க வீட்டு வாசல்லயே வரும், அம்மா" என்று மேடம் சொன்னதைத் தேவகி எடுத்துச் சொன்னாள். சந்தோஷமான செய்தி சொல்கிற மாதிரிதான் மேடம் சொன்னார்கள். பாவம், அவர்களுக்கு வாக்கு விஷயம் தெரியாது.

உட்கார்ந்தேன். வியாழக்கிழமை கண்முன்னே வந்தது. தேவகி எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னாள், தறி ஷெட், கிராவல், சேகர் வாக்கு எல்லாம். சொல்லிவிட்டு என் காதில், "வேற எங்கயும் வராதுன்னு சொல்லிடு பெரிம்மா. அண்ணனுக்கு இன்னா தெரியப் போவுது" என்றாள்.

"சோறு இல்லாத அன்னிக்கு உங்க ஆறு பேருகிட்டயும் இல்லைன்னுதான் சொன்னேன். அடுப்புல வேவுதுன்னு ஒரு நாளாவது ஏமாத்தினேனா? போடி."

அப்போதுதான் மேடம் அந்தச் சேற்றுத் தட்டை மறுபடி பக்கத்தில் இழுத்தார்கள். நுனி விரலால் கம்மல் பூவின் அடியைத் தண்ணீரில் அலசினார்கள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மீரு வேரு தேலேது. தீனிகி அசலு வேரே லேது" என்றார்கள். நீங்கள் வேர் கொண்டுவரவில்லை, இதற்கு வேரே கிடையாது.

வேர் இல்லாத செடியா? மைக்ராஸ்கோப் என்கிற சாமானில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணை வைத்தேன். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. மேடம் என் நெற்றியைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார்கள். அப்புறம் தெரிந்தது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இழை, அதில் அங்கங்கே கண்ணாடிப் பை. நிஜத்தில் கடுகில் பாதிகூட இருக்காது. ஒரு பைக்குள் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

"உயிரோட கீதுடி!" என்று பின்னால் நகர்ந்துவிட்டேன்.

செடி பூச்சியைச் சாப்பிடுகிறதாம். மண்ணில் சத்து இல்லாததால், ஈரத்தில் நீந்துகிற சின்னப் பூச்சியை அந்தப் பை உறிஞ்சிவிடுகிறதாம். உரம் போடாத, கலங்காத ஈரம் வேண்டும். பெயர்த்து நட்டால் பிழைப்பது கஷ்டம். மேலே மண் விழுந்தால் அதோடு முடிந்தது. மேடம் அலமாரியில் தேடினார்கள். எங்கள் புத்தூர், நகரிப் பக்கத்துக் காகிதம் ஒன்றுகூட இதற்கு இல்லை. "உங்க நிலத்துல மட்டும்தான் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். தேடினா வேற ஈரத்துலயும் இருக்கலாம். ஆனா நான் உங்க பக்கத்துல பாத்ததில்ல. ஞாயித்துக்கெழமை நேர்ல வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டார்கள். என் நிலத்தைப் பார்க்க என்னிடம் அனுமதி கேட்ட முதல் படித்த ஆள் அவர்கள்தான். வாருங்கள், கோழி அடித்து வைக்கிறேன் என்றேன். சைவம் என்றார்கள். அப்போ கூழ் என்றேன்.

கம்மல் பூவை ஒரு காகிதத்தில் பரப்பி, கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தார்கள். சீட்டில் எங்கள் ஊர்ப் பேரை எழுதினார்கள். அதற்குக் கீழே, கொண்டுவந்தவர் என்கிற இடத்தில் என் பேரைக் கேட்டார்கள். கன்னியம்மாள் என்றேன். இங்கிலீஷில் எழுதினார்கள். நீளமாக இருந்தது. இரண்டு செடியைப் பற்றியும் ஒரு காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்தார்கள்.

மத்தியானம் ஒன்றரை. பஸ் ஸ்டாண்டில் திரும்பவும் அதே கூட்டம். திருப்பதிக்கு வருகிறவர்கள் மயிரைக் கொடுத்துவிட்டு லட்டோடு போகிறார்கள். நான் சேற்றைக் கொடுத்துவிட்டு ஒரு பூவின் பேரோடு போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஊர் பெரிய ஊர்தான். நிற்க நேரமில்லாத ஊர். ஆனால் அந்த அறையில் ஒரு படித்த அம்மா என் பூவையும் அடை அளவு சேற்றையும் மணிக்கணக்காகப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் நேரம் நிறைய இருக்கிறது, நாங்கள் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்த மூலையைத் தாண்டிப் போகும்போது புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போவோம். அவ்வளவுதான்.

நாலே காலுக்கு வீடு. சேகர் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வேரு, வேறு கதையைக் கேட்டுப் பம்பைப் போட்டுவிட்டுச் சிரித்தான். அமுதா உள்ளேயிருந்து ஓடிவந்து என்ன என்று கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். எல்லோரும் முடிக்கட்டும் என்று நின்றேன்.

"அப்போ வாக்கு இன்னா ஆச்சு?" என்றேன்.

"யம்மா, பந்தயம் கட்டினது ஊதாப் பூவுக்கு. அதுக்குப் பேர் வந்துச்சு, ஆனா எங்க நட்டாலும் பொழைக்கும்னு உன் மேடமே சொல்லிட்டாங்க. பொழைக்காதது வேற பூ. அதைப் பத்தி நான் வாக்கே குடுக்கலையே."

"குடுக்கல. நீ குடுத்தேன்னு நான் சொல்லவும் இல்ல. ஆனா ஒண்ணைக் கேக்கப் போனா ரெண்டு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்ச பிறகு மண்ணு கொட்டறது நீ. யோசிச்சுக் கொட்டு."

அவன் மேடம் எழுதிக்கொடுத்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இங்கிலீஷ்ல கீது. எனக்கு எப்பிடிப் புரியும்? நீதான் பள்ளிக்கூடம் போனவளாச்சே. போனது வந்தது எல்லாம் தமிழ்ல எழுதிக் குடு. படிச்சுட்டு முடிவு சொல்றேன். நீ எழுதி முடிக்கற வரைக்கும் ஜேசிபி வராது."

என்னை மடக்கிவிட்டதாக நினைத்தான். இவள் எங்கே எழுதப் போகிறாள், நாளைக்கே விட்டுவிடுவாள் என்று. என் பேத்தி, சேகர் மகள் ஸ்வாதியின் பழைய நோட்டில் மீதிப் பக்கம் இருந்தது. புதன் காலையில் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை ஜேசிபிக்காரர் போன் பண்ணினார். "எங்கம்மா புத்தூர் வரைக்கும்தான் எழுதியிருக்காங்க, பொறுங்க" என்று சேகர் சொன்னது என் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், எழுதவில்லை. அன்றைக்கும் ஜேசிபி வரவில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. விடிந்ததும் நிலத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஷெட்டுக்கு அளந்து அவன் நான்கு மூலையிலும் குச்சி நட்டு நூல் கட்டியிருந்தான். அதில் இரண்டு குச்சியைப் பிடுங்கி ரோட்டுப் பக்கம் நட்டிருக்கிறான். மற்ற இரண்டும் இன்னும் ஈரத்திலேயே நிற்கிறது. நூல் நடுவில் கோணலாகத் தொங்குகிறது. நாளைக்கு மேடம் வருகிறார்கள். கூழுக்குக் கேழ்வரகு ஊறுகிறது.

எழுதி முடித்துவிட்டேன். ஸ்வாதி, இப்பிடி வந்து குந்து கண்ணு. மொதல்லருந்து படி, நான் எழுதினது சரியா கீதான்னு பாக்கணும். அவசரப்படாத, ஒவ்வொரு வார்த்தையா படி. உங்க நைனா பின்னாடி தொட்டியாண்ட மூஞ்சி கழுவிக்கினு கீறான், அவன் காதுல விழற மாதிரி சத்தமா படி.